கதவைச் சாத்த முடியாத அறை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், கை கால் எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கின்றன, உன் அப்பாவின் வலது மணிக்கட்டைத் தவிர. இதை நலம் என்று எடுத்துக்கொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலம்தானா, குட்டிக்கு இருமல் விட்டதா, நீ மறுபடியும் ராத்திரி வேலைக்குப் போகிறாயா, போனால் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. போனில்தான் பேசிக்கொள்கிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன்னோடு பேசுவது எங்கே, உன் தம்பி துரை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அதற்குள் நீ இருக்கிறாயா என்று தேடுவதற்கே நேரம் சரியாகிவிடுகிறது. அவனுக்குப் பேச்சு சரியாக வராதே தவிர புரியாதது ஒன்றும் இல்லை, அவன் காது கேட்க அவனைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. உன் அப்பாவை வைத்துக்கொண்டும் பேச முடியாது, புயல் என்று ஆரம்பித்தாலே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறார். அதனால் இந்தப் பேனாவைத் தேடி எடுத்தேன், எழுதி எத்தனை நாள் ஆயிற்றோ, நன்றாக உதறின பிறகுதான் மை இறங்கியது.

கொல்லையில் அந்தப் புயல் அறையை ஏன் கட்டினோம் என்பதையே உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. போன வருஷப் புயலுக்குப் பள்ளிக்கூடத்து ஹாலில் போய்த் தங்கினோம் என்று சொன்னோம். போனது வரைக்கும் உண்மை, தங்கினதுதான் இல்லை. தெரு முழுக்க அங்கேதான் இருந்தது, பாய், மூட்டை, அழுகிற பிள்ளைகள், பக்கத்து வீட்டுத் தையல்காரர் தன் மெஷினைக்கூடத் தலையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். துரைக்கு முதலில் குஷிதான், எல்லாரிடமும் போய்க் கை கொடுத்துவிட்டு வந்தான். காற்று ஏறினதும் ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்து, பெரிய கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள், அவ்வளவுதான். அவனுக்குச் சாத்தின கதவு ஆகாது என்று உனக்கு நான் சொல்லவேண்டாம், முப்பது வயதாகியும் குளியலறைக் கதவைத் திறந்து போட்டுக்கொண்டுதான் குளிக்கிறான், வீட்டுக்கு ஆள் வந்திருந்தால் நான் அவன் முன்னால் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற கூத்தை நீயும் பார்த்திருக்கிறாய். எழுந்து போய்க் கதவை அடித்தான், தொண்டை கிழியக் கத்தினான், பிடிக்க வந்த வாத்தியாரைத் தள்ளிவிட்டான். ஒருத்தர், யார் என்று எழுதமாட்டேன், இப்போதும் கடையில் பார்த்தால் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறவர், "இந்தத் தம்பிய வெளிய கூட்டிட்டுப் போயிருங்கம்மா, எங்க பிள்ளைங்க பயப்படுதுங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை, அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே வெலவெலத்துப்போய்த்தான் இருந்தன. அப்பா மூட்டையை எடுத்துத் தோளில் போட்டார். அந்தக் காற்றில் மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம், தகரம் பறக்கிறது, கரண்ட் கம்பம் சாய்கிறது, உன் தம்பிக்கு மட்டும் ஒரே சிரிப்பு, வெளியே வந்தாயிற்றே.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் உன் அப்பா கொல்லையில் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். துணிக்கொடிக்கும் மதில் சுவருக்கும் நடுவே அளக்கிறார், செருப்புக் காலால் கோடு போடுகிறார், அழிக்கிறார். என்ன என்று கேட்டதற்கு, "இனிமே எவன் முன்னாடியும் போயி நிக்க வேண்டாம், நம்ம வீட்லயே நமக்கு இடம்" என்றார். அந்த மனுஷர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒரு பேச்சு வந்து வருஷக்கணக்கு ஆகிறது, அதனாலேயே நான் எதிர்த்துப் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன், கதவைச் சாத்தினால் இவன் உள்ளே இருப்பானா என்று. அதற்கு அவர், அவனுக்குப் பயம் கூட்டத்தைப் பார்த்துத்தான், கதவைப் பார்த்து இல்லை, நாம் ரெண்டு பேரும் பக்கத்தில் இருந்தால் இருப்பான் என்றார். குளியலறையில் என்ன கூட்டம் கூடியிருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை, எனக்கும் அதை நம்பவேண்டும் போல இருந்தது.

முதலில் பள்ளம்தான் தோண்டினார்கள், தரைக்கு அடியில் இருந்தால் காற்று ஒன்றும் செய்யாது என்று அப்பாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இடுப்பளவு தோண்டுவதற்குள் தண்ணீர் ஊறிவிட்டது, மறுநாள் அதில் தவளை குடிவந்துவிட்டது. கொத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது புயலுக்கா, நீச்சல் பழகவா" என்று கேட்டார். அப்பா சிரிக்கவில்லை, நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்தேன். அதை மூடிவிட்டு, தள்ளி கெட்டித் தரையாகப் பார்த்து, மேலேயே கட்டுவது என்று முடிவாயிற்று. அடியில் கம்பி கட்டி கான்கிரீட் போட்டு, அதிலிருந்தே கம்பிகளை நிமிர்த்திவிட்டு, நடுவில் ஓட்டை உள்ள சிமெண்டுக் கல்லை அந்தக் கம்பிகளில் கோத்துக் கோத்து அடுக்கி, ஒவ்வொரு ஓட்டையிலும் கான்கிரீட்டை ஊற்றிக் குத்தினார்கள். மேல் தளத்தையும் அதே கம்பியில்தான் பிணைத்தார்கள். கூரை தனி, சுவர் தனி என்று கிடையாது, எல்லாம் ஒரே கட்டு, பிடுங்குவது என்றால் பூமியோடுதான் பிடுங்கவேண்டும் என்று அப்பா எனக்கு விளக்கினார். நான் காலையும் மாலையும் குழாயைப் பிடித்துக்கொண்டு சுவருக்குத் தண்ணீர் விட்டேன், துரை ஒரு மக்கை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்து சுவருக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம் என்று ஊற்றினான். தையல்காரர் மதில்மேல் தலையை நீட்டி, "என்ன அண்ணே, ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் வீட்லயே கோல்ட் ஸ்டோரேஜா, மீன் எப்ப வருது" என்று கேட்டார். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் கேட்டுக்கொண்டு போனார்கள், அப்பா காதில் வாங்கவில்லை.

அவர் கேட்டது கிண்டலுக்கு, ஆனால் நடந்ததும் அதுதான். உன் அப்பா ஆயுசு முழுக்கக் கோல்ட் ஸ்டோரேஜுக்குக் கதவு மாட்டின ஆள், குளிர் ஒரு நூல் கசிந்தாலும் அவருக்கு மானம் போய்விடும். கொல்லையிலும் அதே கதவைத்தான் செய்து மாட்டினார், ரெண்டு இரும்புத் தகடு, நடுவில் அடைப்பு, சுற்றிலும் ரப்பர், மூடினால் டப் என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு ஒரு சத்தமும் கிடையாது. காட்டுவதற்காக என்னை உள்ளே கூப்பிட்டுச் சாத்தினார், டார்ச்சை அடித்து எப்படி என்கிற மாதிரி என் முகத்தைப் பார்க்கிறார், கல்யாணத்தன்றுகூட அந்த மனுஷர் அப்படிப் பூரித்து நான் பார்த்ததில்லை. எல்லாம் சரி, மூச்சு எதால விடறது என்று கேட்டேன். முகம் அப்படியே விழுந்துவிட்டது. காற்று புகாமல் அடைப்பதையே வேலையாகச் செய்த ஆளுக்கு, உள்ளே ஆள் இருந்தால் காற்று வேண்டும் என்பது கடைசிவரை தோன்றவே இல்லை. பிறகு நாங்கள் தண்ணீர் விட்டு விட்டு இறுக்கின சுவரை அவரே மெஷின் வைத்துத் துளைத்து, மழை அடிக்காதபடி வளைந்த பைப்புகளைச் செருகினார். மூச்சு வந்தது, சத்தம் மட்டும் உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

அறை முடிந்ததும் துரையைப் பழக்க ஆரம்பித்தோம். கதவு திறந்திருக்கிறவரை அவனுக்கு அதைப்போல ஒரு இடம் கிடையாது, மத்தியானம் ஆனால் தலையணையையும் ரேடியோவையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான், பங்களாவுக்குக் கிளம்பிட்டாரு துரை என்று நான் சொன்னால் திரும்பிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவான். அப்பா பொறுமையாக, ஒரு நாளைக்கு ஒரு விரல் அளவு என்று கதவை நகர்த்திப் பார்த்தார். பாதிக் கதவுவரை பொறுத்துக்கொண்டான், அதற்குமேல் போனால் தலையை வெளியே நீட்டிக்கொண்டுதான் உட்காருவான். ஒரு நாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு முழுக்கச் சாத்தினோம், நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். அத்தனை கான்கிரீட்டுக்குள் ரேடியோ எடுக்குமா, கொர்ரென்று இரைந்துவிட்டு அதுவும் ஊமையானது. அவன் கத்தவில்லை, எழுந்து போய்ச் சுவரில் காதை வைத்துக் கேட்டான், பிறகு அடுத்த சுவரில் வைத்துக் கேட்டான், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து "போயாச்சு" என்றான். அவனுக்கு இருக்கிற கொஞ்ச நஞ்ச வார்த்தைகளில் அது ஒன்று என்று உனக்குத் தெரியும், பஸ் கிளம்பினால் சொல்வான், விருந்தாளி செருப்புப் போட்டால் சொல்வான். நீ விமானம் ஏறினபிறகு ரொம்ப நாள் உன் அறை வாசலில் நின்றுகொண்டு அதைத்தான் சொன்னான், நீ அழுவாய் என்று உனக்குச் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கதவு இல்லை அவனுக்குப் பயம், கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெரு, பஸ், நாய், மனுஷர்கள் எல்லாம் இல்லாமல் போய்விடுகிறது, அதுதான் பயம். வெளியே இருக்கிற சத்தம் காதில் விழுந்தால்தான் உலகம் இருக்கிறது என்று நம்புவான். அதற்குப் பிறகு அவன் கதவை அடித்த அடியில், கதவு அதிர்வதைப் பார்த்து அப்பாதான் வெளியிலிருந்து திறந்தார். ராத்திரி சாப்பிடும்போது, கொஞ்ச நாள் போனால் பழகிவிடுவான் என்றார். நானும் ஆமாம் என்றேன், ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

இந்தத் தடவை ஒலிபெருக்கி வண்டி காலையிலேயே எச்சரித்துக்கொண்டு போனது. அப்பா தண்ணீர் கேன், பிஸ்கட், மாத்திரை, டார்ச், ஒரு வாளி எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் வானம் கறுத்துக் காற்று ஊளையிட ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் போகிற ரோட்டில் மரம் விழுந்துவிட்டது என்று தையல்காரர் குடும்பம் எங்கள் வாசலில் வந்து நின்றது, அவர், அவர் மனைவி, ரெண்டு பெண் பிள்ளைகள், எழுந்து நடமாட முடியாத அவர் மாமனாரைப் போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். மீன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அப்பா "வாங்க, வாங்க" என்று தூக்குவதற்கு ஒரு கை கொடுத்தார். துரைக்கு அந்தப் பெண் பிள்ளைகள் என்றால் உயிர், அவர்கள் உள்ளே போனதும் தானாகவே போய் நடுவில் உட்கார்ந்துகொண்டான். எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது, பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள், இருந்துவிடுவான் என்று நினைத்துவிட்டேன்.

டப் என்று கதவு மூடினதுமே எழுந்தான். நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டான். அப்பா கதவுக்கு முதுகு கொடுத்து நின்றார். அவன் அப்பாவை அடிக்கவில்லை, அதை நீ நம்பவேண்டும், வழியில் கிடக்கிற நாற்காலியை எடுத்து அந்தப் பக்கம் வைக்கிற மாதிரி நகர்த்தினான், அவ்வளவுதான். அவன் உடம்புக்கு அது போதும். அப்பா வாளிமேல் போய் விழுந்தார், கை மடங்கின சத்தம் எனக்கே கேட்டது. கதவு திறந்துகொண்டது, காற்று உள்ளே புகுந்து கேனையும் போர்வையையும் சுருட்டியது, பிள்ளைகள் வீல் என்று கத்தின. தையல்காரர் கதவை இழுத்துப் பிடிக்கிறார், துரை தள்ளுகிறான். அவர் அழுதுகொண்டேதான் சொன்னார், "அக்கா, ஒண்ணு தம்பி உள்ள இருக்கணும், இல்ல கதவு சாத்தணும், ரெண்டும் சேந்து நடக்காதுக்கா" என்று. அதிலும் தப்பு இல்லை. உன் தம்பி விஷயத்தில் இதுவரை யாருமே தப்பாக ஒன்றும் சொன்னதில்லை, அதுதான் எனக்கு ஆற்றாமை, யாராவது ஒருத்தராவது அநியாயமாகப் பேசியிருந்தால் அவரையாவது திட்டித் தீர்த்திருப்பேன்.

நான் துரையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன், உள்ளேயே இருங்க என்று அப்பாவிடம் கத்திவிட்டுத்தான் வந்தேன். நாலடி வைப்பதற்குள் அவரும் தொங்குகிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருகிறார். நடுவழியில் திரும்பி நின்று, ரப்பர் ஒட்டும்வரை இழுத்துச் சாத்து, பாதியில் விட்டுவிடாதே என்று தையல்காரருக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறார், கை உடைந்த வேளையிலும் அந்த மனுஷருக்குத் தன் கதவு சரியாக மூடவேண்டும். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருக்கிற இடுக்கில், பரணுக்குக் கீழே, மெத்தையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். சமையலறைக் கூரை போனது, அலமாரி சரிந்து பாத்திரமெல்லாம் உருண்டது, தண்ணீர் உள்ளே வந்தது. அப்பா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார், நான் வாய்க்கு வந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டேன். உன் தம்பி என் மடியில் தலையை வைத்து, கொஞ்ச நேரம் அப்பாவின் காலைத் தட்டிக்கொடுத்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கிப்போனான். ஊரே நடுங்கின இரைச்சலில் குழந்தை மாதிரி தூங்கினான், அத்தனை சத்தம் கேட்டால் எல்லாரும் இருக்கிறார்கள் என்றுதானே அவனுக்கு அர்த்தம். அவன் நெற்றியைத் தடவிக்கொண்டு, இவன் ஒருத்தனாவது பயப்படாமல் இருக்கிறானே என்று ஒரு பக்கம் ஆறுதலும், இவனை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு பக்கம் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தது.

விடிந்ததும் தையல்காரர் வீட்டார் நனையாமல் வெளியே வந்தார்கள், அந்தத் தாத்தாவுக்கு ஒரு கீறல் இல்லை. அவர் மனைவி அன்றிலிருந்து தினமும் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போகிறாள், நான்தான் கூப்பிட்டு உட்காரவைத்து, அடியே, நீங்க பொழச்சதுக்கு நான் ஏன் வருத்தப்படப்போறேன் என்று சொன்னேன், அதற்கும் அழுகிறாள். நகராட்சி இன்ஜினியர் ஒருத்தர் வந்து அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஒரு வெடிப்பு இல்லை, எங்க ஆபீஸ் கட்டடமே இப்படி நிக்கலை சார், நாலு பேருக்குக் காட்டணும் என்றார். அப்பா நன்றி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அவர் செய்த வேலைகளிலேயே குறை சொல்ல முடியாத வேலை அது, அதுதான் அவரைத் தின்கிறது.

அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை, நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம் என்று நீ நினைக்கக்கூடாது. சுவரில் ஒரு ஜன்னல் வைத்தால் சத்தம் வருமே என்று அப்பா கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டார். ஜன்னல் வச்சா அப்புறம் அது புயல் அறை இல்ல சார், வெறும் ரூம், அதுக்கு உங்க வீடே போதும் என்றார் அவர். டாக்டரிடம் போய்த் தூக்க மாத்திரை கேட்டோம். துரைக்கு வருகிற வலிப்புக்கு அதெல்லாம் ஆகாது என்று தயங்கித் தயங்கி ஒரு லேசான மாத்திரை கொடுத்தார். சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு நாள் கொடுத்தோம், அன்று முழுக்கத் துள்ளிக்கொண்டு இருந்துவிட்டு மறுநாள் சாப்பாட்டுத் தட்டின்மேல் தூங்கி விழுந்தான். புயல் போய் ஊர் கூட்டித் துடைத்த பிறகு தூங்குகிற துரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, தூங்கினாலும்தான் அவனை யார் தூக்குவது. நீ அங்கே எங்களைக் கூட்டிக்கொள்ள எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினாய் என்று எனக்குத் தெரியும், எங்கள் ரெண்டு பேருக்குத்தான் அனுமதி, அவனுக்கு இல்லை என்று அவர்கள் சொன்னதற்கு நீ உன்னையே நொந்துகொள்ளாதே. மாப்பிள்ளையோடு அதை வைத்துச் சண்டை போடாதே, அவர் நல்ல பிள்ளை, அவரா அந்த நாட்டில் ராஜாங்கம் நடத்துகிறார்.

இனி நான் எழுதவந்ததை எழுதுகிறேன். புயல் முன்னே எப்போதோ ஒன்று வரும், இப்போது வருஷம் தவறுவதில்லை, இனி இப்படித்தான் என்று டிவியில் சொல்கிறார்கள். சமையலறைக்கு ஷீட் போட்டாயிற்று, ஆனால் நடு வீட்டு உத்தரம் பிளந்திருக்கிறது, இன்னொரு காற்றுக்கு இந்த வீடு தாங்காது என்று கொத்தனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பாவுக்கும் அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அடுத்த தடவ நீ உள்ள போயிரு, நான் அவன்கூட வீட்ல இருக்கேன்" என்றார். எதற்கு என்றேன். "வீடு விழுந்து நான் போயி, அவன் பொழச்சுக்கிட்டா, அவனப் பாத்துக்க ஒரு ஆளு வேணும்ல" என்றார். கணக்கு சரிதான், யாராவது ஒருத்தர் மிச்சம் இருக்கவேண்டும். அப்படியானால் அந்த ஆள் நீங்களாக இருங்கள், நான் அவனோடு இருக்கிறேன் என்றேன். அதற்கு அவர், எனக்கு அவனைக் குளிப்பாட்டத் தெரியுமா, அவனுக்குச் சோறு ஊட்டத் தெரியுமா, வலிப்பு வந்தால் பிடிக்க இந்தக் கைக்குப் பலம் இருக்கிறதா, நீதான் இருக்கவேண்டும் என்றார். எல்லாம் நியாயம். நியாயமாகப் பார்த்தால் நான்தான் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், ஒரு சத்தமும் கேட்காமல், வீட்டில் அவர்கள் ரெண்டு பேரும் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல், விடிகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டும். என்னால் முடியாது என்று சொன்னேன். அடம்பிடிக்காதே என்றார். இத்தனை வருஷத்தில் நாங்கள் போட்ட சண்டைகளில் இதுதான் பெரியது, ரெண்டு பேரும் குரலை உயர்த்தாமல் துணியை மடித்துக்கொண்டே போட்டோம். கடைசியில் அவர், "நீ போகலன்னா நானும் போகல" என்று எழுந்து போனார். மறுநாள் பார்த்தால் கொல்லையில் தையல்காரரை நிறுத்திவைத்து, கதவை எப்படிச் சாத்துவது, எப்படித் திறப்பது, ரப்பருக்கு எப்போது எண்ணெய் தடவுவது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். அறை அவர்களுக்கு, வீடு எங்கள் மூன்று பேருக்கு என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

எங்களுக்குப் பிறகு அவனை நீ வைத்துக்கொள் என்று நான் உன்னைக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று எழுதுகிறபோதே கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும், நீ என் வயிற்றில் பிறந்தவள். ஆனால் உன்னால் முடியாது என்பதும் எனக்குத் தெரியும், அந்த நாட்டில் அவனுக்கு இடம் இல்லை, இங்கே உனக்கு வேலை இல்லை, உன் பிள்ளையின் படிப்பை விட்டுவிட்டு நீ வரவும் கூடாது, வந்தால் நான் வாசலில் நின்று திருப்பி அனுப்புவேன். சில நாள் சாயங்காலம் அவன் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், மூன்று பேரும் ஒன்றாகப் போய்விட்டால் யாருக்கும் ஒரு கவலையும் இல்லையே என்று ஒரு நினைப்பு வருகிறது. பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது என்று என்னையே திட்டிக்கொண்டு எழுந்து போய் அவனுக்குத் தலை வாரிவிடுவேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப்போகிறேன், படித்துவிட்டு மனசை விட்டுவிடாதே, அழுவதானால் குட்டி தூங்கினபிறகு அழு.

குட்டிக்கு இருமல் விடவில்லை என்றால் குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே, தலையைத் துவட்டாமல் வெளியே விடாதே. நீ முதுகுவலி என்று சொன்னாயே, குனிந்து பாரம் தூக்காதே, மாப்பிள்ளையைத் தூக்கச் சொல். அப்பா கட்டுப் பிரித்தபிறகு உனக்கு நாலு வரி எழுதுவதாகச் சொல்கிறார், எழுதினாலும் கதவைப் பற்றித்தான் எழுதுவார். துரை இந்தக் காகிதத்தின்மேல் கையை வைத்து அழுத்தினான், ஓரத்தில் இருக்கிற எண்ணெய்க் கறை அவனுடையது.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல், நோய் நொடி இல்லாமல், உங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே பயமில்லாமல் தூங்கி எழுந்து வாழவேண்டும், எங்கள் மூன்று பேர் ஆயுசில் மிச்சம் இருக்கிற நல்லதெல்லாம் உனக்கும் குட்டிக்கும் வரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த தடவை புயல் செய்தி பார்த்துப் பதறி நீ போன் போடும்போது, அறைக்குள்ளே போயிட்டீங்களா என்று கேட்காதே, அதற்கு உன் அப்பாவால் பொய் சொல்ல முடியாது. மூணு பேரும் ஒரே இடத்தில் இருக்கீங்களா என்று கேள். ஆமாம் என்று சொல்வோம், அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் போனைத் துரையிடம் கொடுக்கச் சொல்லி, காற்று நிற்கிறவரை அவனோடு ஏதாவது பேசிக்கொண்டே இரு.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும்
அம்மா